ஜெனரேட்டர் கதவடியில் ஒரு பெரட்டு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நான் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. மீதியைச் சொல்ல மூன்று தடவை போன் எடுத்தேன். முதல் தடவை "சரிப்பா, சைட்டுல நிக்கிறேன்" என்றாய். இரண்டாம் தடவை "சரிப்பா, நானே அப்புறம் எடுக்கிறேன்" என்றாய். மூன்றாம் தடவை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "சரிப்பா" என்றாய். எதற்குச் சரி என்று கேட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் உன்னால் குறுக்கே ஒரு "சரிப்பா" போட முடியாது.

இதை ஒட்டாமல் அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை உன் அம்மா ஹட்டனுக்கு, உன் அறைக்கு வருகிறாள் அல்லவா, அவள் கையில்தான் கொடுக்கிறேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் பிரித்து வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும் என்றுதான் ஒட்டவில்லை. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. இதில் ஒரு விஷயம் உன் அம்மாவுக்கும் தெரியாது. இத்தனை வருசமாக அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது அவள் உன் முன்னால் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாளோ, அதை நினைத்தால் கை ஓடவில்லை. ஆனால் வியாழக்கிழமைக்குள் உனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை கதையை அவளுக்கும் விளங்குகிற மாதிரி எழுதுகிறேன். அவள் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், நாம் சத்தம் போட்டது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. நீ உன் டெப் கொம்பியூட்டரை எடுத்து எனக்குக் காட்டினாய். நான் வேலை செய்த அதே பவர் ஹவுஸில், அதே இரண்டாம் நம்பர் மெசினில், வியாழக்கிழமை உன் கம்பனி தீ அணைக்கிற கேஸுக்கு முழு டெஸ்ட் போடப்போகிறது, நீதான் பொறுப்பு என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போதாவது சொல்லிவிடுகிறேன். கையில் எண்ணெய்த் துணியோடு நான் நுழைந்த கதவு வழியாக என் மகன் பொறுப்பாளனாக நுழையப்போகிறான். அந்தச் சந்தோசம் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் வரைக்கும்கூட இருக்கவில்லை. நீ விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனாய். சிலிண்டர்களின் எடை பார்த்தது, அதற்கு நேரே பச்சைக் கோடு. சைரன் அடித்துப் பார்த்தது, பச்சைக் கோடு. ஆட்கள் எல்லாரும் வெளியேறியது, அதற்கும் பச்சைக் கோடு.

"இன்னும் டெஸ்ட்டே நடக்கலயே தம்பி, ஆளுங்க எப்புடி வெளிய வந்தாங்க?" என்று கேட்டேன்.

"அது போன சைட்டுல போட்டதுப்பா. அப்புடியே கொப்பி பண்ணி வச்சிருக்கேன். அங்க போயி ஒன்னொன்னா தட்டிக்கிட்டு நிக்க நேரமில்ல."

"அப்ப ஆளுங்க வெளிய வந்துட்டாங்களான்னு எப்புடி பாப்ப?"

"வோக்கி டோக்கில கேப்போம். சரின்னுவாங்க. அவ்வளவுதான்."

அந்தச் சரியைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். கத்தியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கத்தினால் நீ காதை மூடிக்கொள்வாய் என்று உன்னுடைய பத்து வயதிலிருந்தே எனக்குத் தெரியும். வாசலில் நின்று ஒவ்வொருத்தர் பேரையும் கூப்பிடு, அவர்களே பதில் சொல்லட்டும் என்றேன். நீ சிரித்தாய். "நீங்க பெரட்டு எடுத்த காலமெல்லாம் முடிஞ்சிருச்சுப்பா. எஞ்சினியர்மாரு முன்னால நின்னு பேரு கூப்புட்டா தோட்டத்தான்னு சிரிப்பாங்க" என்றாய். அப்போதுதான் உன் யோகு மாமா கையில் தட்டோடு வந்து நின்றான். "தம்பி... அந்த... கீழ..." என்று ஏதோ சொல்ல வந்தான். நீ மணியைப் பார்த்துவிட்டு, "மாமா, வர்ற கிழம சொல்லுங்க, பஸ்ஸு போயிரும்" என்றாய். அவன் "சரி சரி" என்று தலையை ஆட்டிக்கொண்டு தட்டை வைத்துவிட்டுப் போனான். நீ போன பிறகு, என்ன சொல்ல வந்தாய் என்று அவனிடம் கேட்டேன். மறந்துவிட்டது என்றான்.

உனக்குத் தெரிந்த தொழிலை உனக்கே சொல்லிக் கொடுக்க நான் வரவில்லை. நீ படித்து வந்தவன், நான் பார்த்துப் பழகியவன். ஆனால் உன் அம்மா வாசிக்கிறாள் என்பதால் இரண்டு வரி சொல்கிறேன். ஜெனரேட்டர் உள்ளே தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க முடியாது. கரண்ட் ஓடுகிற சாமான் அது. அதனால் அதைச் சுற்றி அறை மாதிரி அடைத்து, பக்கத்தில் வரிசையாகச் சிலிண்டர் வைத்திருப்பார்கள். சோடாவில் அடைக்கிறார்களே, அதே கேஸ்தான் அதற்குள் இருப்பது. தீ என்றால் அது தானாகத் திறந்து அறையை நிரப்பும், காற்றைத் தள்ளிவிடும், தீ மூச்சு முட்டிச் சாகும். மனிதன் உள்ளே இருந்தால் அவனுக்கும் அதுதான். அந்தக் கேஸுக்குத் தீயையும் ஆளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. காற்றைவிடக் கனம், பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். அதனால்தான் டெஸ்ட் போடுகிற நாள் தீப்பிடிக்கிற நாளைவிட மோசமான நாள். தீப்பிடித்தால் எல்லாரும் ஓடுவார்கள். டெஸ்ட் என்றால் எல்லாரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

எடை பார்க்கிற விஷயத்திலும் எனக்கு உன் மேல் ஆத்திரம் உண்டு, அதையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். அந்தச் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, தூக்கி எடை பார்க்க வேண்டும். தூக்க முதுகு வலிக்கும். அதனால் ஸ்பேனரால் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்து "இருக்கு" என்று எழுதிவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் அப்படி எழுதின ஒன்றை நான் ஒரு கையால் நகர்த்தினேன், அவ்வளவு காலி. சிவப்புப் பெயின்ட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. உன் டெப்பில் இருக்கிற பச்சைக் கோடும் அந்தப் பெயின்ட்தான். இந்த வேலையில் நீ தட்டிப் பார்க்கிறவனாக இருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நீ முகத்தைச் சுளிப்பாய். எனக்கும் அது பிடித்த சொல் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எட்டு மாதம் நான் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தேன், உனக்குத் தெரியும். விடிய முன்னால் தப்பு அடிக்கிற சத்தம் கேட்கும். பனியில் நடுங்கிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், இருக்கிறேன் என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. பிந்தினால் பேர் வெட்டு, திரும்பிப் போக வேண்டியதுதான். மனிதரை மாடு மாதிரி எண்ணுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் ஓடிவந்து பவர் ஹவுஸில் சேர்ந்தேன். அந்தக் களத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பக்கத்து லயத்து வீட்டுக்காரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வருவாள். அவள் பேரைக் கூப்பிடும்போது வரிசையிலிருந்து வேறு யாராவது "இந்தா வந்துக்கிட்டிருக்காங்கய்யா" என்று குரல் கொடுத்துவிடுவோம். நானும் என் கூட்டாளிக்காக எத்தனையோ தரம் குரல் கொடுத்திருக்கிறேன். அவன் படுக்கையைச் சுருட்டியிருக்கக்கூட மாட்டான். அதில் ஒரு பாவமும் இல்லை. ஒருவருக்கொருவர் அதுகூடச் செய்யாவிட்டால் அங்கே பிழைத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் என் நாக்கில் ஒட்டிக்கொண்டே பவர் ஹவுஸுக்கும் வந்துவிட்டது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வலப்பனையில் உன் தங்கச்சியை விட்டுவிட்டு பஸ் ஏறியது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா மூட்டையோடு முன்னால் ஏறினாள், நான் பின்கதவால் ஏறினேன். "தங்கச்சி ஏறிட்டாளா?" என்று உன்னிடம் கேட்டேன். நீ ஜன்னல் சீட்டைப் பிடிக்கிற அவசரத்தில் "சரி சரி" என்றாய். கொண்டக்டர் என்னைப் பார்த்து "ஹரித?" என்றான், சரியா என்று. நான் "ஹரி ஹரி" என்றேன். அவன் பஸ்ஸைத் தட்டினான். அவள் கடை வாசலில் ரிப்பன் பார்த்துக்கொண்டு நின்றாள். வளைவு திரும்பும்போது உன் அம்மாதான் பார்த்துக் கத்தினாள். அன்றைக்கு உன்னை எல்லாரும் திட்டினார்கள். நான் உன்னைத் திட்டவில்லை, நீ அதைக் கவனித்தாயோ தெரியாது. அதற்கு முந்தின வருசம் நான் செய்த அதே காரியத்தைத்தான் நீ செய்திருந்தாய், உன்னை நான் எந்த வாயால் திட்டுவது? அதற்குப் பிறகுதான் எங்கே போனாலும் வண்டி வாசலில் நின்று பேர் கூப்பிட ஆரம்பித்தேன். "பெரட்டு எடுக்காம இந்த மனுசன் கோயிலுக்குக்கூட போக மாட்டாரு" என்று உன் அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அந்த முந்தின வருசத்துக்கு வருகிறேன். நீ ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உன் யோகு மாமாவை அப்போதுதான் பவர் ஹவுஸில் துடைக்கிற கூட்டுகிற வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தேன். அக்காள் புருசன் சொல்லிக் கிடைத்த வேலை என்று அவனுக்குப் பெருமை. அவன் அப்போது எப்படிப் பேசுவான் என்பது உனக்குக் கொஞ்சம்தான் ஞாபகம் இருக்கும். வாய்க்கு வாய் பதில். தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கையா மாதிரி பேசிக் காட்டுவான், சின்னதுரை தமிழ் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுவான், என்னை மாதிரியும் பேசிக் காட்டுவான், நானே சிரித்துவிடுவேன். லயத்தில் ஒரு சாவு வீட்டில்கூட அவன் வந்து உட்கார்ந்தால் ஆட்கள் தள்ளிப் போய் நின்று சிரிப்பார்கள். இன்றைக்கு அவன் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீ செருப்பு மாட்டிவிடுகிறாய்.

இரண்டாம் நம்பர் மெசினைப் பிரித்து வேலை பார்த்து, மறுபடி பூட்டியிருந்தார்கள். ஓடவிடும் முன்னால், கேஸ் குழாய்கள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க சில சிலிண்டர்களை மட்டும் திறந்துவிடுகிற டெஸ்ட். அன்று காலையிலிருந்தே சைரனை மட்டும் ஐந்தாறு தரம் அடித்துப் பார்த்திருந்தார்கள். முதல் தரம் எல்லாரும் ஓடிவந்தோம். இரண்டாம் தரம் சிரித்துக்கொண்டு நடந்து வந்தோம். அதற்குப் பிறகு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் சிலிண்டர் அறையில் நின்றேன். யோகு மெசினுக்குக் கீழ்த்தட்டில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தான். கீழே பேச ஒரு இன்டர்கொம் இருந்தது. எடுத்து, "டேய் யோகு, மேல வந்துரு, கேஸு விடப்போறாங்க" என்றேன். "சரி மச்சான்" என்றான். வைத்துவிட்டேன். மேலே எஞ்சினியர் மாத்தயா நின்றுகொண்டு "ஒக்கோம ஹரித?" என்று கேட்டார், எல்லாம் சரியா என்று. "ஹரி சார்" என்றேன்.

இந்த இடத்தை நீ இரண்டு தரம் வாசி. யோகு சொன்ன சரிக்கு, கேட்டுச்சு மச்சான், கையில இருக்கிறத முடிச்சிட்டு வர்றேன் என்று அர்த்தம். நான் சொன்ன ஹரிக்கு, நான் சொல்லிட்டேன் சார் என்று அர்த்தம். எஞ்சினியர் கேட்டதோ ஆள் எல்லாம் வெளியே வந்தாச்சா என்று. மூன்று பேரில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அவன் தமிழில் சொன்னதை நான் சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் அவனுக்காக நான் குரல் கொடுத்தேன். பெரட்டுக் களத்தில் நின்று "இந்தா வந்துக்கிட்டிருக்காங்கய்யா" என்று சொன்ன அதே நாக்குதான் அது.

சைரன் அடித்தது. அது ஏழாவது தரமோ எட்டாவது தரமோ. யோகு கீழே அதையும் இன்னொரு டெஸ்ட் என்றுதான் நினைத்திருப்பான். கேஸ் திறந்தது, குழாய் எல்லாம் வெள்ளையாகப் பனி பூத்தது, எஞ்சினியர் சந்தோசமாகக் கையைத் தட்டினார். மெசினின் அறைக்குள் போன கேஸ் அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கேபிள் போகிற ஒரு ஓட்டையை வேலை முடிந்த பிறகு அடைக்க மறந்திருந்தார்கள். அது வழியாகக் கேஸ் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டது. என்னோடு வேலை செய்த பியதாச சுற்றிப் பார்த்துவிட்டு, "யோகு கோ?" என்று கேட்டான், யோகு எங்கே என்று. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். நான் கீழ்ப் படிப் பக்கம் ஓடினேன்.

கீழ்ப் படியில் அவனுடைய பூட்ஸ் தெரிந்தது. பாதிப் படி ஏறியிருக்கிறான், அங்கேயே சாய்ந்துவிட்டான். நான் இரண்டு படி இறங்கினேன், மூக்கில் சோடா ஏறின மாதிரி எரிந்தது. எஞ்சினியர் பின்னால் வந்து என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துவிட்டார். இறங்கினால் நீயும் அவன் பக்கத்தில் படுத்துவிடுவாய் என்று சிங்களத்தில் கத்தினார். அது உண்மை. இறங்கியிருந்தால் உனக்கு அப்பன் இல்லை. மூச்சு மாஸ்க் ஸ்டோரில் பூட்டி இருந்தது, சாவிக்காரன் தேத்தண்ணிக்குப் போயிருந்தான். மாஸ்க் வந்து, அதை மாட்டிக்கொண்டு பியதாச இறங்கி யோகுவைத் தூக்கிக்கொண்டு வரும் வரைக்கும் நான் படியில் நின்று அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எவ்வளவு நேரம் என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உயிர் வந்தது. பேச்சு பாதிதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு பேப்பரை நீட்டினார்கள். எண்ணெயில் வழுக்கிப் படியில் விழுந்து தலையில் அடி என்று அதில் எழுதியிருந்தது. கண்ட சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும், உன் படிப்பு நின்றுவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உன் அம்மா, "எப்புடிங்க விழுந்தான்?" என்று கேட்டாள். "படியில வழுக்கிருச்சு" என்றேன். அவன் கண் முழித்து, வாய் பேச ஆரம்பித்ததும் அவனும் அதையேதான் கேட்டான். அவனுக்கு அந்த நாளில் ஒன்றுமே ஞாபகம் இல்லை. அவனுக்கும் அதையே சொன்னேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் "படில... வழுக்கி... விழுந்தேன்" என்று சொல்கிறானே, அது நான் சொல்லிக் கொடுத்த வசனம். கூடப்பிறந்த தம்பி மாதிரி அவன் என்னை நம்புகிறான். உன் அம்மா என்னை நம்பியதை நான் எழுதவே வேண்டியதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வரி எழுதினேன், அது எனக்கே கேவலமாகத் தெரிந்தது, வெட்டிவிட்டேன். அவள் திரும்பி வந்ததும் நேரே கேட்கிறேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது கூட்டாளிப் பையன்கள் முன்னால் மாமா மாதிரி திக்கித் திக்கிப் பேசிக் காட்டினாய். நான் உன்னை இழுத்துப்போட்டு அடித்தேன். பெல்ட் வார் பட்டு உன் காலில் தடிப்பு வந்தது. நீ இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாய், "ஒரு பகிடிக்கு இந்த அடியா" என்று. அது நான் வாங்கியிருக்க வேண்டிய அடி, உன் மேல் விழுந்தது. நீ யோகுவிடமிருந்து பழகிய விளையாட்டைத்தான் விளையாடினாய், ஆட்களை மாதிரி பேசிக் காட்டுகிற விளையாட்டு. அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதவடியில் கேஸ் டெஸ்ட் என்றால் நான் பேர் கூப்பிட ஆரம்பித்தேன். யாரும் எனக்கு அந்த அதிகாரம் தரவில்லை. காலையில் உள்ளே போகிறவர்கள் அவரவர் கையால் ஒரு பேப்பரில் பேர் எழுத வேண்டும். சைரனுக்கு முன்னால் நான் கதவடியில் நின்று கூப்பிடுவேன். கூப்பிட்டவன் என் கண் முன்னால் வந்து நின்று, தன் பேரைத் தானே சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் மறுபடி கூப்பிடுவேன். ஹரி என்றாலும் மறுபடி கூப்பிடுவேன். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் வாயைத் திறந்தால் அன்றைக்கு டெஸ்ட் இல்லை. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பியதாச மட்டும் சிரிக்கவில்லை. அவன் எப்போதும் முதல் ஆளாக வந்து நின்று தன் பேரைச் சத்தமாகச் சொல்வான். புதிதாக வந்த ஒரு எஞ்சினியர், "பெரட்டு மாத்தயா வந்துட்டார், வரிசையில் நில்லுங்கள்" என்று என்னைக் கேலி செய்தார். என்னை எண்ணுகிறார்கள் என்றாலே எரிந்து விழுந்த நான், ஆட்களை எண்ணுகிறவனாக ஆகிவிட்டேன். கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆள் இருக்கிறதா என்றுதான் எண்ணினார். நான் வீட்டுக்குப் போக ஆள் இருக்கிறதா என்று எண்ணினேன்.

பிறகு ஆளுக்கு ஒரு தகடு என்று பலகையில் தொங்கவிட்டார்கள். உள்ளே போகும்போது மாட்டு, வெளியே வரும்போது கழற்று. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஒரு நாள் ஒருத்தன் வெளியே வரும்போது தன் தகட்டோடு தன் கூட்டாளியின் தகட்டையும் கழற்றி எடுத்தான். கேட்டால், "அவனும் வர்றான், பின்னால வந்துக்கிட்டிருக்கான்" என்கிறான். நல்ல மனதோடுதான் செய்கிறான். அவனை அறையலாம் போல இருந்தது. உன் டெப்பும் உன் வோக்கி டோக்கியும் அப்படித்தான் தம்பி. அதெல்லாம் இருக்கட்டும், நல்ல சாமான்கள்தான். ஆனால் வோக்கி டோக்கியில் வருகிற சரிக்கு முகம் கிடையாது. நம் ஆட்கள் பெரியவர்கள் எது சொன்னாலும் முதலில் சரி என்றுதான் சொல்வார்கள். விளங்காவிட்டாலும் சரி, செய்ய மனமில்லாவிட்டாலும் சரி, காது கேட்காவிட்டாலும் சரி. நம்மை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். நீயே என்னிடம் அப்படித்தான் சொல்கிறாய். அதை நம்பி ஒரு மனிதன் மேல் கேஸைத் திறக்காதே.

நான் ஓய்வு பெற்றதும் அந்தப் பேர் கூப்பிடுகிற வழக்கம் அங்கே நின்றுவிட்டது என்று கேள்வி. அதுவும் எனக்கு எரிச்சல்தான். யோகுவுக்கு நடந்ததை நான் மறைத்துவிட்டேன் அல்லவா, ஏன் பேர் கூப்பிடுகிறோம் என்று அடுத்து வந்தவர்களுக்கு யார் சொல்வது? வெறும் தோட்டத்துக் கிறுக்கு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். என் பொய் அங்கே இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. வியாழக்கிழமை அந்த இடத்துக்கு என் மகன் போகிறான். முழு டெஸ்ட் வேறு, எல்லாச் சிலிண்டரும் திறக்கும். அந்தக் கேபிள் ஓட்டை இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேஸ் பார்க்கிற மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நீயே கீழ்த்தட்டுக்கு இறங்கிப் பார், முந்தின நாள் பார். மூச்சு மாஸ்க்கை ஸ்டோரில் வைக்காதே, கதவடியில் வை. சைரனை விளையாட்டுக்கு அடிக்காதே. தோட்டத்தான் என்று எஞ்சினியர் சிரித்தால் சிரிக்கட்டும். நீ தோட்டத்தான்தான், அதில் குறைந்துபோக என்ன இருக்கிறது?

இன்று காலை, இதை உன் அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால், யோகுவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவனுக்குத் தெரியாமல் அவன் கதையை எழுதி அனுப்புவது இன்னொரு திருட்டு என்று தோன்றியது. நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பூட்ஸ் வருகிற இடத்தில் குனிந்து தன் காலைப் பார்த்தான். முடிந்ததும் நான் பேப்பரை மடித்தேன். பிறகு "சரி மச்சான்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடா சரி? சொல்லுடா, எதுக்கு சரி?" என்று கேட்டேன். அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அந்தச் சரிக்கு மன்னிச்சிட்டேன் என்று அர்த்தமா, விளங்கிருச்சு என்று அர்த்தமா, இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை. இனி எத்தனை வருசம் இருந்தாலும் தெரியப்போவதில்லை. எனக்கு அது வேண்டியதுதான். பிறகு எழுந்து போகும்போது மட்டும் திரும்பி, "தம்பிட்ட... கீழ... பாக்கச் சொல்லு" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவன் சொல்ல வந்தது அதுதானோ என்னவோ.

உன் அம்மா இதை உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தாளா, வழியில் கிழித்துப் போட்டாளா என்பது எனக்குத் தெரியாது. கிழித்திருந்தால் இன்னொன்று எழுதி நானே எடுத்துக்கொண்டு வருவேன். நீ இதை வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அவள் தந்துவிட்டாள். அவளுக்கு முதலில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு. அவள் அழுதால் சும்மா பக்கத்தில் இரு. என்னைத் திட்டினால் என் பக்கம் பேசாதே.

வியாழக்கிழமை நான் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை, போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். டெஸ்ட் முடிந்ததும் கூப்பிடு. எல்லாம் சரிப்பா என்று மட்டும் சொல்லாதே, வைத்துவிடுவேன். அன்றைக்கு உள்ளே போனவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல், நான் பேப்பரில் எழுதிக்கொள்கிறேன். போனை வேறு யாரிடமும் கொடுத்துச் சொல்லச் சொல்லாதே. கடைசிப் பேர் உன்னுடையது. அதை நீதான் சொல்ல வேண்டும், உன் குரலில் எனக்குக் கேட்க வேண்டும்.

உன் அப்பா